நாற்பது நாள் சும்மா இருங்கள்

நெல் வயலில் இறங்கி, ஒரு தூரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், எள்ளைவிடச் சற்றே பெரிதாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் பூச்சிகள் தண்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கலாம். கையைக் கொண்டுபோனால் உடனே பறக்காது. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும். ஊசி போன்ற வாயைத் தண்டில் குத்தி, பயிர் தனக்கென்று அனுப்பும் சர்க்கரைச் சாற்றைக் குடிக்கும். பத்து இருபது பூச்சி என்றால் பயிருக்கு அது கொசுக்கடி. நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் தூர் அப்படியே காய்ந்துவிடும். வயலின் நடுவில் வட்டம் வட்டமாக, யாரோ அடியில் நெருப்பு மூட்டிப் புகை போட்டதுபோலப் பயிர் தீய்ந்து நிற்கும். அதனால்தான் இதற்கு நம் உழவர்கள் புகையான் என்று பெயர் வைத்தார்கள். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இதே பூச்சி 'வெரெங் சொக்லாட்'.

புகையானை அடக்கும் வழி 1980களின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சியாளர்களுக்குப் பெருமளவு தெரிந்துவிட்டது. அந்த வழி ஜாவாவின் அரைக்காணி வயலுக்கும் வியட்நாமின் மேகாங் கழிமுகத்துக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது, எங்கே சேராமல் நின்றது என்பதே இந்த அத்தியாயத்தின் கதை. வழி ஒன்றும் சிக்கலானதில்லை. விதைத்த முதல் நாற்பது நாள் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், அவ்வளவுதான். கதை சிக்கலானதற்குக் காரணமும் அதுவே. நல்ல விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். உரத்தை மூட்டையாக இறக்கலாம். 'ஒன்றும் செய்யாமல் இருங்கள்' என்பதை எதில் கட்டிக் கொடுப்பது?

கொஞ்சம் பின்னால் போவோம். பிலிப்பைன்சின் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1960இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1966இல் அது வெளியிட்ட ஐ.ஆர்.8 ஆசியாவையே புரட்டிப் போட்டது. அந்த ரகத்தின் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் நெட்டை நெல் 'பேத்தா'. மற்றது தைவானின் ஒரு குட்டை நெல். குட்டைப் பயிர் என்பதால் உரம் போட்டாலும் சாயவில்லை. விளைச்சல் கூடியது. கூடவே வேறு சிலவும் வந்தன. ஆண்டுக்கு ஒரு போகம் என்று இருந்த இடத்தில் இரண்டு, மூன்று போகம். புகையானுக்கு ஆண்டு முழுவதும் பந்தி. யூரியா தின்று கரும்பச்சையாக நின்ற பயிர் அதற்கு விருந்துச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, பூச்சிமருந்து.

இந்தோனேசிய அரசு விதை, யூரியா, மருந்து, கடன் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக உழவர்களுக்குக் கொடுத்தது. 1960களின் கடைசியில் வெளிநாட்டு நிறுவனங்களை அமர்த்தி விமானத்திலிருந்துகூட மருந்து தெளித்தார்கள். உழவர் அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவே இடமில்லை. மருந்து வானத்திலிருந்து வந்தது.

1970களின் நடுவில் புகையான் விசுவரூபம் எடுத்தது. அதுவரை வெப்பமண்டல ஆசியாவில் அது பெரிய பூச்சியே இல்லை. அங்கே இருந்தும் இல்லாததுபோல் இருந்த ஒன்று. ஆராய்ச்சியாளர்கள் எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களைத் தேடினார்கள். அந்தத் தேடலில் நம் ஊர்ப் பெயர்கள் இரண்டு வருகின்றன. 1973இல் வெளியான ஐ.ஆர்.26, புகையானைத் தாங்கும் முதல் ஐ.ஆர். ரகம். அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம்.6, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க்குப்பத்தில் உருவான நெல். இன்னொரு வகை எதிர்ப்பு மரபணு முதலில் அடையாளம் காணப்பட்டது அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி.7 ரகத்தில். இந்த இரண்டு ஊர்ப் பெயர்களின் சுருக்கங்களும் உலகத்து நெல் மரபியல் கட்டுரைகளில் இன்றும் அப்படியே அச்சாகின்றன. எத்தனை திருநெல்வேலிக்காரருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

ஐ.ஆர்.26 வந்தது, ஜாவாவெங்கும் பரவியது, மூன்று நான்கு ஆண்டுகளில் தோற்றது. புகையான் கூட்டத்தில் அந்த ரகத்தையும் ருசித்துக் குடிக்கத் தெரிந்த சில எப்போதும் இருந்திருக்கின்றன. எங்கு பார்த்தாலும் அதே நெல் என்றானபோது அந்தச் சிலவற்றின் வாரிசுகள்தான் மிஞ்சின. அடுத்து, வேறு மரபணுவோடு ஐ.ஆர்.36 வந்தது. அதுவும் சில ஆண்டுகள் தாங்கியது. இந்தோனேசியா உலகச் சந்தையில் அரிசி வாங்கும் நாடுகளில் முதலிடத்தில் இருந்த காலம் அது. ஒவ்வொரு தோல்விக்கும் பதில் இன்னும் கொஞ்சம் மருந்து என்றானது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்காக லாஸ் பான்யோசுக்கு வந்தவர் பீட்டர் கென்மோர். எல்லோரும் 'புகையான் இவ்வளவு வருகிறதே, எந்த மருந்து நல்லது' என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வேறொன்று கேட்டார்: மருந்து அடிக்காத வயலில் ஏன் இது இல்லை? பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் அடித்தும் அடிக்காமலும் எண்ணிப் பார்த்தால், அடித்த பாத்தியில்தான் புகையான் பல மடங்கு. அந்த நிலையத்தின் மற்றப் பூச்சியியலாளர்களும் தங்கள் மருந்துப் பரிசோதனைகளில் இதே விந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்து அடிப்பது நெருப்பை நெய் ஊற்றி அணைப்பதாக இருந்தது.

ஏன் என்று பார்ப்போம். பெண் புகையான், தண்டைச் சுற்றியுள்ள இலையுறையைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். ஒரு பூச்சி 200, 300 முட்டைவரை வைக்கக்கூடும். மருந்துத் துளி இலைமேல் விழுகிறது; முட்டைக்கோ உறைக்குள் பாதுகாப்பு. வெளியே இருப்பவர்கள் யார்? தண்ணீர்மேல் ஓடிவந்து தூரில் ஏறி வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி, நாளொன்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பூச்சி தின்னக்கூடியது. புகையான் முட்டைகளையே தேடிக் குத்திக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. கால் தவறித் தண்ணீரில் விழும் குஞ்சுகளைப் பிடிக்கும் பொடி நீர்ப்பூச்சிகள். ஊசித்தட்டான், பொறிவண்டு. கீழே தூரடியில் இருக்கும் புகையானுக்கு எட்டுவதற்கு முன்னால் மருந்து எட்டுவது இவர்களுக்குத்தான். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வரும்போது காவலுக்கு ஆள் இல்லாத வீடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தலைமுறைக்குப் புகையானுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். 200 முட்டையில் பாதி பெண் என்று கொண்டால், எல்லாம் பிழைத்தால், இரண்டாம் தலைமுறையிலேயே 20,000. காவல் இருக்கும் வயலில் அந்த 200இல் இரண்டு மூன்று பிழைத்தாலே பெரிது. சிலந்தி ஒரு தலைமுறை எடுக்க மாதக் கணக்கில் ஆகும். இருவரையும் ஒரே நாளில் கொன்றால் யார் முதலில் திரும்பி வருவார் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஒரு நெருக்கடி வந்திராவிட்டால் இந்தக் கண்டுபிடிப்பு கட்டுரைகளிலேயே தூங்கிப் போயிருக்கும். 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அதற்காக அதிபர் சுகார்த்தோவை 1985இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் ரோமுக்கு அழைத்துப் பெருமைப்படுத்தியது. மறு ஆண்டே ஜாவாவின் வயல்களில் மீண்டும் புகை. தன்னிறைவு கைநழுவும் என்ற பயம் அரண்மனைக்குள் நுழைந்தபோதுதான், ஈடா ஞோமன் ஓக்கா, கஜா மடா பல்கலைக்கழகத்தின் கசும்போகோ உன்துங் போன்ற இந்தோனேசியப் பூச்சியியலாளர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தது காதில் விழுந்தது. 1986 நவம்பரில் அதிபரின் ஆணை வந்தது. 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை. மருந்து விலையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அரசே ஏற்றுக்கொண்டிருந்த மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989இல் அடியோடு நின்றது. ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் மிச்சம். நெல் விளைச்சல் விழவில்லை, தொடர்ந்து ஏறியது.

ஆராய்ச்சி நடைமுறைக்கு வருவது என்றால் உழவருக்குப் பாடம் சொல்வது என்றே நாம் நினைக்கிறோம். இந்தக் கதையில் முதல் மாணவர் நிதி அமைச்சகம். ஒரு பொருளை ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, 'அளவாகப் பயன்படுத்துங்கள்' என்று சுவரொட்டி ஒட்டுவதில் என்ன பயன்?

தடை போட்டாயிற்று. உழவர் மனத்தில் இருக்கும் பயம் ஆணைக்குக் கட்டுப்படுமா? இலையில் ஓட்டை விழுந்தால் கை மருந்துத் தெளிப்பானைத் தேடும். இருபது வருடமாக அரசே சொல்லிக் கொடுத்த பழக்கம். மேலதிகாரிக்குப் பயிற்சி, அவர் கீழுள்ளவருக்கு, அவர் ஊர் அலுவலருக்கு, அவர் உழவருக்கு என்ற வழக்கமான ஏணிமுறையில் செய்தி இறங்க இறங்கத் தண்ணீர்ப் பால் ஆனது. 1989இல் யோக்யகர்த்தா வட்டாரத்தில் ஏணியைத் தூக்கிப் போட்டார்கள். 'செக்கோலா லபாங்கான்' பிறந்தது. தமிழ்நாட்டு வேளாண்துறை பின்னால் அதை 'உழவர் வயல்வெளிப் பள்ளி' என்று அழைத்தது.

பள்ளி நடத்தவேண்டிய அலுவலர்களை முதலில் சேற்றில் இறக்கினார்கள். நாற்று விடுவதிலிருந்து அறுவடை வரை ஒரு போகம் சொந்தக் கையால் பயிர் செய்து காட்டினால்தான் அவர் பயிற்றுநர். பூச்சிகளைக் கணக்கெடுத்துப் படிவம் நிரப்பும் வேலையில் இருந்தவர்கள் அவர்கள்.

ஊரில் சுமார் 25 உழவர்கள். வாரம் ஒரு காலை, ஒரு போகம் முழுவதும். முதல் நாள் ஒரு தேர்வு. வரப்போரம் குச்சிகள் நட்டு, ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு பூச்சியோ கடிபட்ட இலையோ கட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு கேள்வி, மூன்று பதில்கள், மூன்று சிறு பெட்டிகள். 'இந்தப் பூச்சி பயிருக்கு என்ன செய்யும்?' சீட்டைப் பெட்டியில் போட வேண்டும், ஓட்டுப் போடுவதுபோல. ஊசித்தட்டானுக்கும் சிலந்திக்கும் 'கெட்டது' பெட்டியில் சீட்டு விழுவது அப்போது சாதாரணம். வயலில் எது அசைந்தாலும் எதிரி என்றுதான் மருந்துப் புட்டி சொல்லிக் கொடுத்திருந்தது.

பிறகு ஒவ்வொரு வாரமும் ஐந்து பேர் கொண்ட குழுக்கள் வயலில் இறங்கித் தூர்களை எண்ணும், தூர்களுக்குள் எட்டிப் பார்க்கும். கரையேறி நிழலில் உட்கார்ந்து பெரிய தாளில் படம் வரையும். நடுவில் நெற்பயிர், அந்த வாரம் எத்தனை இலையோ அத்தனை இலையோடு. வெயிலா மேகமா என்பதற்கு மேலே ஒரு சூரியன். ஒரு பக்கம் பயிரைத் தின்பவை, மறுபக்கம் தின்பவற்றைத் தின்பவை, எண்ணிக்கையோடு. பேனா பிடித்து இருபது வருடமான கை மெழுகுக் குச்சியால் சிலந்திக்கு எட்டுக் கால் போட வேண்டும். எட்டுக் கால் போட வேண்டுமென்றால் சிலந்தியைப் பார்க்க வேண்டும். அதில்தான் சூட்சுமம். படத்தை மாட்டி வைத்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று குழு மற்றவர்களிடம் வாதாடும்.

பயிற்றுநருக்கு ஒரு விதி. உழவர் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து 'ஆப்பா இனி?', அதாவது 'இது என்ன?' என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. எங்கே பிடித்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது, கூட யார் இருந்தார் என்று திருப்பிக் கேட்க வேண்டும். எரிச்சலூட்டும் முறைதான். பெயர் தெரிந்தவுடன் பார்ப்பது நின்றுவிடும் என்பது அவர்கள் அனுபவம். சந்தேகம் இருந்தால் 'பூச்சி மிருகக்காட்சிசாலை' இருக்கிறது. தொட்டியில் ஒரு நெற்பயிர், சுற்றி வலை, உள்ளே ஒரு சிலந்தி, பத்துப் புகையான். மறுநாள் காலையில் வந்து எண்ணிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது கத்தரிக்கோல் சோதனை. வயலின் ஒரு மூலையில் இளம் பயிரின் இலைகளில் கால் பங்கை வெட்டிவிடுவார்கள். இன்னொரு மூலையில் பாதியை. பார்க்கவே வயிறு எரியும். அறுவடையில் தனித்தனியாக அறுத்து எடை போடுவார்கள். இளம் பருவத்தில் வெட்டுப்பட்ட பயிர் புது இலையும் புதுத் தூரும் விட்டு ஈடுகட்டிவிட்டிருக்கும். கதிர் வரும் நேரத்தில் வெட்டினால் அப்படித் தப்பாது. அதையும் தராசே சொல்லும். இலைச்சுருட்டுப்புழு நடவு முடிந்த மாதத்தில் செய்யும் அட்டூழியமெல்லாம் பெரும்பாலும் பயிர் மறந்துவிடக்கூடிய காயம் என்று ஒரு பூச்சியியலாளர் மேடையில் நின்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. தன் கத்தரிக்கோலை, தன் ஊர்த் தராசை நம்பலாம்.

இதற்கிடையில் ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. பள்ளிகள் நடந்த அதே ஜாவா வயல்களில் வில்லியம் செட்டில் தலைமையில் ஒரு குழு எண்ணிக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு ஒரு புதிர். புகையான் வருவதற்கு முன்பே வயலில் சிலந்திகள் ஏராளமாக இருக்கின்றனவே, அவை எதைத் தின்று பிழைக்கின்றன? 1996இல் வெளியான அவர்களது விடை அழகானது. மடக்கி உழுத தாள், எரு, மட்கும் பாசி இவற்றைத் தின்று சேற்றில் லட்சக்கணக்கான பொடிக் கொசுக்களும் குதிக்கும் நுண்பூச்சிகளும் பிறக்கின்றன. நெல்லுக்கு அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. முதல் மாதம் சிலந்திகளுக்கு அவைதான் சோறு. புகையான் வந்து இறங்கும்போது வயிறு நிறைந்து குடும்பம் பெருத்த காவற்படை தயாராக இருக்கிறது. நட்ட இருபதாம் நாள் அடிக்கும் மருந்து படைக்கும் எமன், படையின் சாப்பாட்டுக்கும் எமன். எரு போட்ட வயலில் பூச்சித் தொல்லை குறைவு என்று எந்த ஊர்ப் பெரியவராவது சொன்னால் இனி சிரிக்காதீர்கள். குறைந்தபட்சம் நெல்லில் அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

உடம்புக் கணக்கும் ஒன்று உண்டு. 1990களில் மத்திய ஜாவாவில் மிசா கிஷி என்ற ஆய்வாளரின் குழுவினர் மருந்து தெளிப்பவர்களோடு வயலிலேயே இருந்து கவனித்தார்கள். ஐந்தில் ஒரு தெளிப்புக்குப் பின் தலைச்சுற்றல், குமட்டல், மூச்சுத்திணறல் என மூன்றுக்குக் குறையாத அறிகுறிகள். ஏழை வீட்டில் தெளிப்பவருக்கு அது கூலிநாள். அறிகுறியைச் சொல்லிக்கொண்டிருக்க நேரம் ஏது?

1990கள் முடிவதற்குள் இந்தோனேசியாவில் சுமார் பத்து லட்சம் உழவர்கள் வயல்வெளிப் பள்ளி முடித்தார்கள். பிலிப்பைன்ஸ், வியட்நாம், வங்கதேசம், இலங்கை, இந்தியா எனப் பரவியது. பிறகு தணிக்கை வந்தது. உலக வங்கியின் பொருளாதார அறிஞர்கள் கெர்ஷோன் ஃபெடரும் தோழர்களும் ஜாவாவின் உழவர் குடும்பங்களை 1991இலும் 1999இலும் ஆய்ந்து 2004இல் சொன்னது: பள்ளிக்குப் போன உழவர்களின் விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ மற்றவர்களிடமிருந்து தெளிவாகப் பிரித்துச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2014இல் வெளியான ஒரு திறனாய்வு கொஞ்சம் இரக்கம் காட்டியது. சிறிய அளவில், நல்ல பயிற்றுநர்களோடு நடத்தியபோது பள்ளி பலன் தந்திருக்கிறது. நாடு தழுவி விரித்தபோது நீர்த்துப் போயிருக்கிறது. பள்ளிக்குப் போனவரின் பக்கத்து வயல்காரருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

வயல்வெளிப் பள்ளியின் அன்பர்கள் இதனால் புண்பட்டார்கள். நான் படித்தவரை எனக்கு அந்தக் கடைசிக் குறிப்பில் ஆச்சரியமே இல்லை. புது விதை வரப்பு தாண்டும். ஒரு படி கொடுத்து மறு போகத்தில் இரண்டு படி வாங்கிக்கொள்ளலாம். கத்தரிக்கோல் சோதனை வரப்பு தாண்டாது. நீச்சல் கற்றவன் திண்ணையில் உட்கார்ந்து அதை இன்னொருவனுக்குக் கொடுக்க முடிகிறதா? குளத்தில்தான் இறக்க வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட நெல் குடும்பங்களை 25, 25 பேராகக் குளத்தில் இறக்க எத்தனை வருடம் ஆகும், யார் செலவில் என்ற கேள்விக்குத் திட்டத்தாரிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

வேறொரு பக்கத்திலிருந்து பதில் தேடிய இருவர் கே.எல். ஹியோங், மோனினா எஸ்கலாடா. ஹியோங் மலேசியாவைச் சேர்ந்த பூச்சியியலாளர். எஸ்கலாடா பிலிப்பைன்சின் லெய்தேத் தீவில் தகவல் தொடர்பு கற்பித்தவர். பூச்சியை எண்ணுவதை விட்டுவிட்டு இவர்கள் உழவர்களின் பயத்தை எண்ணினார்கள். எந்தப் பூச்சிக்காக அடித்தீர்கள், அடிக்காவிட்டால் எத்தனை மூட்டை போயிருக்கும்? பதில்களில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. முதல் தெளிப்பு இலை தின்னும் புழுவுக்கு. எதிர்பார்த்த இழப்போ உண்மையைவிடப் பல மடங்கு பெரிது. மனிதர்கள் அபாயத்தைக் கணக்குப் போட்டு எடைபோடுவதில்லை, கண்ணில் பட்டதை வைத்துக் குறுக்குவழியில் முடிவெடுக்கிறார்கள் என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் நிறுவியதை அவர்கள் நெல் வயலுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளையாகச் சுரண்டப்பட்ட இலை கண்ணில் படும். தூரடிச் சிலந்தி படாது.

ஆகவே முழுப் பாடத்தையும் கொடுக்காமல், அந்த ஒரு குறுக்குவழிக்கு எதிராக இன்னொரு குறுக்குவழி. நட்டால் முப்பது நாள், நேரடியாக விதைத்தால் நாற்பது நாள், இலைப்புழுவுக்கு மருந்து வேண்டாம். நம்ப வேண்டாம்; வயலில் ஒரு துண்டை மட்டும் அடிக்காமல் விட்டு, அறுவடையில் நீங்களே பாருங்கள். லெய்தேயில் சிலரோடு தொடங்கிய இந்தச் சோதனை, 1994இல் வியட்நாமின் லோங் ஆன் மாகாணத்தில் பயிர்ப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து ஊருக்கே போனது. துண்டறிக்கை, சுவரொட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக வானொலி. குறுநாடகங்கள், சிரிக்கச் சிரிக்க. மருந்து அடித்தே தீருவேன் என்பவரும் வேண்டாம் என்பவரும் வாயாடுவார்கள். மேகாங் கழிமுகத்தில் டிரான்சிஸ்டர் பாடாத வரப்பு இல்லாத காலம் அது. இரண்டரை ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, போகத்துக்குச் சராசரி 3.4 தெளிப்பு என்றிருந்தது 1.6 ஆகக் குறைந்திருந்தது.

வயல்வெளிப் பள்ளிக்காரர்கள் இதை ஏளனமாகப் பார்த்தார்கள். ஒரு வரிச் செய்தி உழவரைச் சிந்திக்க வைக்காது, கீழ்ப்படியத்தான் வைக்கும் என்றார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு ஒரு துண்டு வயலும் சேர்ந்து போயிற்று. துண்டு வயலில் கத்தரிக்கோல் இல்லை, தராசு இருந்தது. பள்ளியின் மிகக் கூரான பகுதியை மட்டும் உருவி எடுத்து வானொலியில் அனுப்பினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

வியட்நாம் அரசு இதை வளர்த்து 2003இல் 'மூன்று குறை, மூன்று கூட்டு' என்ற இயக்கமாக்கியது. விதை, தழைச்சத்து, மருந்து மூன்றையும் குறை. விளைச்சல், தரம், இலாபம் மூன்றும் கூடும். இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2006இல் மேகாங் கழிமுகத்தைப் புகையான் மறுபடி வளைத்தது, இம்முறை நெல்லைக் குட்டையாக்கிச் சுருட்டும் இரண்டு நச்சுயிரி நோய்களையும் சுமந்துகொண்டு. அரிசி ஏற்றுமதியையே அந்த ஆண்டு இறுதியில் நிறுத்திவைத்தார்கள். மூன்று போகம், நெருக்கமான விதைப்பு, நல்ல விலைக்காகப் பயிரிட்ட எதிர்ப்பில்லா மணநெல், புகையானிடம் பலிக்காமல் போன புது மருந்துகள் எல்லாம் சேர்ந்து வந்த வினை. வானொலி நாடகம் ஒரு பழக்கத்தை மாற்றும். சுற்றியுள்ள சந்தையை மாற்றாது.

அப்போது கைகொடுத்தது ஒரு விளக்கு. இரவில் விளக்குப்பொறி வைத்து, விழும் நீண்ட இறகுப் புகையானை ஒவ்வொரு காலையும் எண்ணுவார்கள். எண்ணிக்கை உச்சிக்குப் போய் இறங்குகிறது என்றால் பறந்து வந்த அலை ஓய்ந்தது என்று பொருள். அதன் பிறகே வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் விதைப்பு. நோய் சுமந்த பூச்சி வரும்போது வயலில் இளம் பயிரே இல்லை. வியட்நாமியர் இதை 'நே ரய்' என்கிறார்கள், புகையானுக்கு ஒதுங்குதல். காசு செலவில்லை. ஆனால் ஊர் கூடித் தேதி குறிக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் அவர் வயல் மற்றவர்களுக்கு நோய்ப்பண்ணை.

ஜாவாவில் என்ன ஆனது? 57 மருந்துகளைத் தடை செய்த நாட்டில், சுகார்த்தோ ஆட்சிக்குப் பின் அதிகாரம் மாவட்டங்களுக்குப் பிரிந்தது, பயிற்சித் திட்டங்களுக்குப் பணம் நின்றது, புதுப்புதுப் பெயர்களில் மருந்துகள் கடைகளை நிறைத்தன. 2010, 2011இல் மத்திய ஜாவாவின் கிளாத்தென் வயல்களில் போகம் போகமாகப் புகை. நம் ஊர்களிலும் பூச்சி வந்தால் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் இரண்டு புட்டி எடுத்து வைப்பார். 'பத்து நாள் பொறுத்துப் பாருங்கள்' என்று சொல்லி அனுப்பினால் அன்றைய வியாபாரம் என்னாவது?

மேகாங்கில் 2009 வாக்கில் இன்னொரு சோதனை தொடங்கியது. புகையான் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் ஒரு குளவி உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, வெறுங்கண்ணுக்குத் தூசி. அதற்குத் தேன் கிடைத்தால் ஆயுள் நீளும். நெற்பூவில் தேன் கிடையாது. எனவே வரப்பில் எள்ளும் மஞ்சள் பூச்செடிகளும் நட்டார்கள். சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளில் நான்கு ஆண்டுகள் நடந்த ஒப்பீட்டின் முடிவு 2016இல் வெளியானது. பூ வரப்பு உள்ள வயலில் மருந்துத் தெளிப்பு 70 விழுக்காடு குறைவு, விளைச்சல் 5 விழுக்காடு கூடுதல். எள் நட்டவருக்கு வரப்பிலிருந்தே ஒரு சிறு வரும்படியும் உண்டு.

தமிழ்நாட்டில் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் ஊன்றுவது பழைய வழக்கம். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை அது. நடவு முடிந்த ஈர வரப்பில் விரலால் குழி போட்டு இரண்டு விதை. இட்லிக்கும் குழம்புக்கும் ஆகும். தட்டைப்பயற்றில் பூவுக்கு வெளியிலும், காம்போரத்தில், தேன் சுரக்கும் புள்ளிகள் இருக்கின்றன. காலையில் போய்ப் பார்த்தால் அங்கே எறும்பு மொய்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எறும்புகளுக்கு நடுவே பொடிப்பொடியாய் வேறு சிலவும் வந்து போவது தெரியும். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது.